காரின் கூரையும் மனத்தின் பராக்கும்

வீதியோரத்தில் நிற்கும் ஒருவர், விரைந்து செல்லும் மோட்டார்க் காரொன்றை நோக்கிக் கைகளை உயர்த்திக் கூவுகின்றார். காரில் இருப்பவரோ, தமக்கு யாரோ வணக்கம் கூறுகின்றார் என எண்ணித் தாமும் கையசைத்துவிட்டுப் போகின்றார். அவருடைய தலைக்கு மேலே, காரின் கூரையிலே, அவருடைய கைப்பையோ, குடையோ, சோற்றுப் பெட்டியோ அவருக்குத் தெரியாமலே பயணஞ் செய்துகொண்டிருக்கின்றது. அடுத்த வளைவு வரைக்குந்தான் அந்தப் பயணம்.

நேயர்களே, இக்காட்சியைக் கண்டு சிரியாதார் யார்? ஆனால், கார் வைத்திருக்கும் நண்பர்களிடம் தனியே கேட்டுப் பாருங்கள். முதலிலே சிரிப்பர், பின்பு குரலைத் தாழ்த்தித் தத்தம் கதையைக் கூறத் தொடங்குவர். ஒருவர் மூக்குக் கண்ணாடியை இழந்திருப்பார். மற்றொருவர் கைத்தொலைபேசியை இழந்திருப்பார். வேறொருவர் சம்பளப் பணத்தோடு கூடிய பையை இழந்திருப்பார். என்னிடமும் ஒரு கதை உண்டு. அதனைக் கூறிய பின்னரே இம்மறதியின் காரணங்களை ஆராய்தல் பொருந்தும்.

2014 ஆம் ஆண்டிலே வன்னிப் பகுதியிலுள்ள ஓர் அரசாங்கப் பாடசாலைக்கு நான் அதிபராக இருந்தேன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த மாணவர் முப்பத்திருவருக்கு தேசிய அடையாள அட்டை பெறவேண்டியிருந்தது. விண்ணப்பங்களை அதிபரே உறுதிப்படுத்தி அனுப்புதல் வழக்கம். ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் பிறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது. அச்சான்றிதழ்கள் சாதாரணக் கடதாசிகள் அல்ல. வீட்டையும் வளவையும் விட்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்திலே, நகையைக் கூடக் கைவிட்ட தாய்மார் பொலித்தீன் பையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றிய கடதாசிகள் அவை.

அன்று பிற்பகல் அக்கட்டினை எடுத்துக்கொண்டு நகருக்குப் புறப்பட்டேன். ஒரு கையிலே கோப்பும் குடையும். மறு கையிலே சோற்றுப் பெட்டி. காரின் திறப்புச் சட்டைப் பையின் அடியிலே கிடந்தது. கோப்பினைக் கூரையின்மேல் வைத்துவிட்டுத் திறப்பைத் தேடினேன். அவ்வேளையிலே ஒரு மாணவனின் தந்தையார் வந்து, மகனைத் தமிழ்த் தினப் போட்டிக்குச் சேர்ப்பது பற்றி இரண்டு நிமிடம் பேசினார். அவருக்கு விடை கூறினேன். கதவைத் திறந்து குடையையும் பெட்டியையும் உள்ளே வைத்தேன். அமர்ந்தேன், கதவைச் சாத்தினேன், புறப்பட்டேன்.

ஐந்தாறு கிலோமீற்றர் சென்றதும் மோட்டார்ச் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் என்னைக் கடந்து சென்று மறித்தார். “சேர், உங்கட காருக்கு மேலையிருந்து கடதாசியெல்லாம் பறந்து வந்தது, மதகடியிலை கிடக்குது” என்றார். அந்நேரத்தில் என் உள்ளம் பட்ட பாட்டை விவரிக்க வேண்டுவதில்லை. அக்கதையின் முடிவை இறுதியிற் கூறுவேன். கற்றவனும் பொறுப்புள்ளவனும் என்று பெயர் பெற்ற ஒருவன், தான் கையால் வைத்த பொருளை மூன்று நிமிடத்துக்குள் எவ்வாறு மறக்கின்றான் என்பதை முதலிலே பார்ப்போம்.

முதலாவது காரணம், கூரை அமைந்திருக்கும் இடம். சாதாரணக் காரின் கூரை நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்திலே இருக்கின்றது. கதவருகே நிற்பவனுடைய தோளின் மட்டம் அது. குனியாமலும் நிமிராமலும் ஒரு பொருளை அங்கே வைக்கலாம். கை நிறையப் பொருளோடு திறப்பைத் தேடுபவனுக்கு அதனைவிட வசதியான மேசை வேறில்லை. ஆயின், அவன் ஆசனத்தில் அமர்ந்த அக்கணமே அம்மேசை அவன் கண்ணுக்கு முற்றாக மறைந்துவிடுகின்றது. முன்கண்ணாடி வழியாக வீதி தெரியும். பக்கக் கண்ணாடிகளில் இருபுறமும் தெரியும். உட்கண்ணாடியிற் பின்புறம் தெரியும். தன் தலைக்கு நேர்மேலே உள்ள தகடோ சாரதிக்குத் தெரிவதே இல்லை. வைப்பதற்கு மிக எளிதான இடமே காண்பதற்கு மிக அரிதான இடமாகவும் இருக்கின்றது.

இரண்டாவது காரணம், பழக்கத்தின் வலிமை. காரைத் திறத்தல், அமர்தல், கதவைச் சாத்துதல், இயந்திரத்தை முடுக்குதல் என்பன நாள்தோறும் செய்யும் தொழில்கள். தொடக்கத்திலே ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் செய்கின்றோம். பழகப் பழக, முதலாவது தொழில் இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் தாமே இழுத்து வருகின்றன. சிந்தனை அங்கே தேவைப்படுவதில்லை. அமெரிக்க அறிஞரான வில்லியம் ஜேம்ஸ் 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட உளநூலிலே, பழக்கத்தைப் பற்றிய அதிகாரத்தில் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடுகின்றார். இரவு விருந்துக்கு உடை மாற்றுதற்காகப் படுக்கையறைக்குச் சென்ற பராக்குடையோர் சிலர், ஓர் உடையைக் கழற்றியதும் அடுத்ததையும் கழற்றி, ஈற்றிலே கட்டிலில் ஏறிப் படுத்தும் விடுவராம். அவ்வறையிலே உடை கழற்றினால் அடுத்தது உறக்கம் என்பது உடலுக்குப் பழகிய பாடம். விருந்து உண்டு என்ற எண்ணம் அப்பழக்கத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

காரிலும் இதுவே நிகழ்கின்றது. நாள்தோறும் செய்யும் ஒழுங்கிலே, கூரையிலிருந்து ஒரு பொருளை எடுத்தல் என்ற படி இல்லை. அது அன்றைக்கு மட்டும் புதிதாகச் செருகப்பட்ட படி. பழைய ஒழுங்கு தொடங்கியதும், செருகப்பட்ட படியைத் தாண்டி ஓடிவிடுகின்றது. இடையிலே யாரேனும் வந்து பேசினாலோ, தொலைபேசி ஒலித்தாலோ, குழந்தை அழுதாலோ, அறுந்த நூலை மனம் மீண்டும் பிடிக்கும்போது விட்ட இடத்தைப் பிடிப்பதில்லை; அதற்கு அடுத்த இடத்தையே பிடிக்கின்றது.

இதனை ‘ஞாபகசக்திக் குறைவு’ என்று கூறுதல் தவறாகும். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டானியல் ஷக்டர், நினைவு செய்யும் பிழைகளை ஏழாக வகுத்து 2001 ஆம் ஆண்டிலே ஒரு நூல் எழுதினார். அவற்றுள் ஒன்று பராக்கு. நினைவில் நன்கு பதிந்தது காலத்தால் அழிவது வேறு. கவனம் வேறிடத்தில் இருந்தமையால் நினைவிற் பதியாமலே போவதும், உரிய வேளையில் முன்வந்து நில்லாமல் ஒளிந்து கொள்வதும் வேறு. கூரையில் வைத்த பொருளைப் பொறுத்தவரையில் இவ்விரண்டும் சேர்ந்தே நிகழலாம். பொருளை வைத்தது கை. மனமோ திறப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது காரணம், நுட்பமானது. ஒரு கருமத்தின் முக்கிய நோக்கம் நிறைவேறியதும், அதன்பின் எஞ்சி நிற்கும் சிறு வேலையை மனிதர் விட்டுவிடுகின்றனர். பிரதி எடுக்கும் இயந்திரத்திலே மூலப் பத்திரத்தை விட்டுவிட்டுப் பிரதிகளை மட்டும் எடுத்துச் செல்கின்றோம் அல்லவா? மைக்கல் பேர்ன், சூசன் போவெயர் என்னும் ஆய்வாளர் இருவர் 1997 ஆம் ஆண்டிலே இவ்வகைப் பிழையைத் தனியே எடுத்து ஆராய்ந்து எழுதினர். கதவு சாத்தும் ஓசை, “எல்லாம் ஏற்றியாயிற்று, இனிப் புறப்படலாம்” என்று மனத்துக்குச் சொல்லும் மணியோசை போன்றது. அம்மணி ஒலித்தபின் மனம் பின்னோக்கிப் பார்ப்பதில்லை.

நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். திருக்குறளின் ஐம்பத்து நான்காம் அதிகாரம் பொச்சாவாமை, அதாவது மறவாமை. அளவு கடந்த சினத்தினும், மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதியே தீயது என்ற கருத்தோடு வள்ளுவர் அவ்வதிகாரத்தைத் தொடங்குகின்றார். கருமம் முடிந்தது என்ற நிறைவிலேதான் மறதி வந்து புகுகின்றது என்பதை ஆய்வுகூடம் இன்றியே அவர் கண்டார். அவ்வதிகாரத்தை அவர் அரசியலிலே வைத்தமையும் நோக்கத்தக்கது. மறதி, பிறருடைய பொருளையும் வாழ்வையும் கையில் வைத்திருப்போருக்குரிய குற்றம் என்பதே அதன் குறிப்பு.

இனி, கூரையில் வைத்த பொருள் உடனே விழாமல் எம்மை ஏமாற்றுவது எதனால்? உடனே விழுந்தால் ஓசை கேட்டு நிறுத்திவிடுவோம். கார் மெதுவாகப் புறப்படும்போது, பொருளுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள உராய்வு, பொருளையும் காரோடு சேர்த்து இழுத்துச் செல்கின்றது. காற்றின் தள்ளுவிசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பொருளைத் தள்ளும் காற்று, 40 கிலோமீற்றரில் நான்கு மடங்கு விசையோடும், 60 கிலோமீற்றரில் ஒன்பது மடங்கு விசையோடும் தள்ளும். மேலும், வளைந்த கூரையின்மீது விரைந்தோடும் காற்று அங்கே அமுக்கத்தைக் குறைத்து, மெல்லிய பொருள்களை மேலே தூக்கவும் செய்யும். ஆகவே ஒழுங்கையிலும் சந்தியிலும் அமைதியாக இருந்த கோப்பு, பெருந்தெருவில் ஏறியதும் எழுந்து பறக்கின்றது. அப்போது இயந்திரத்தின் ஓசையிலே அது விழும் ஓசை கேட்பதில்லை.

விழுகின்ற பொருளால் பிறருக்கு வரும் ஆபத்தையும் மறத்தலாகாது. மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர். கூரையை விட்டு நீங்கிய கனமான பொருள், காரின் வேகத்தை ஓரளவு தன்னிடம் வைத்துக்கொண்டே நிலத்தில் மோதி உருள்கின்றது. பின்னால் வருபவர் துவிச்சக்கர வண்டியிலோ மோட்டார்ச் சைக்கிளிலோ வருபவராயின், சோற்றுப் பெட்டியொன்றே அவரை வீழ்த்தப் போதும்.

இம்மறதியால் உலகறிய ஒரு பெருஞ்செல்வமும் காணாமற் போனதாகக் கருதப்பட்டது. இத்தாலியிலே கிரெமோனா நகரத்து அன்ரோனியோ ஸ்ரடிவாரி 1732 ஆம் ஆண்டிலே செய்த வயலின் ஒன்று, ‘டியூக் ஒஃப் அல்கன்டாரா’ என்னும் பெயருடையது. அது லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு உரியதாக இருந்தது. 1967 ஆம் ஆண்டிலே அதனை இரவலாகப் பெற்றிருந்த கலைஞர் ஒருவர் அதனை இழந்தார். காரின் கூரையில் வைத்து மறந்து ஓட்டிச் சென்றாரோ, காரிலிருந்து யாரேனும் திருடினரோ என்பதை அவராலேயே உறுதியாகக் கூற முடியவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் கழிந்து, 1994 ஆம் ஆண்டிலே, பழுதுபார்க்கக் கொண்டுவரப்பட்ட வயலின் ஒன்று அதுவே என அடையாளங் காணப்பட்டது. அடுத்த ஆண்டிலே பல்கலைக்கழகம் அதனை மீளப் பெற்றது. இச்செய்தியில் என் உள்ளத்தைத் தொடுவது வயலினின் விலை அன்று. “நான் கூரையில் வைத்தேனா, இல்லையா?” என்ற வினாவுக்கு அக்கலைஞரின் மனமே சாட்சி கூற மறுத்துவிட்டது என்பதே. பராக்கிலே செய்த செயலுக்கு மனத்தில் ஏடு எழுதப்படுவதில்லை.

இன்னும் கொடியதும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, வெயிலில் நிறுத்திய கார்களுக்குள் வெப்பந் தாங்காமல் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் இறக்கின்றன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை, பெற்றோரோ பராமரிப்போரோ குழந்தை பின்னாசனத்தில் உறங்குவதை மறந்தமையால் நிகழ்ந்தவை. அவர்கள் அன்பற்ற பெற்றோர் என்று கூறிவிடல் எளிது. ஆயினும், வழக்கமாகத் தாய் கொண்டு செல்லும் குழந்தையை அன்று மட்டும் தந்தை கொண்டு செல்கின்றார். பாதை வழக்கமான பாதை. குழந்தை ஓசையின்றி உறங்குகின்றது. பழக்கம் அவரை நேரே அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றுவிடுகின்றது. கோப்பினை மறக்கச் செய்யும் அதே பொறிமுறைதான் குழந்தையையும் மறக்கச் செய்கின்றது. பொருளின் பெறுமதியை அறிந்து மறதி விலகி நிற்பதில்லை.

இது உண்மையாயின், “இனிக் கவனமாக இருப்பேன்” என்ற உறுதிமொழியால் ஆவது என்ன? மிகக் கவனமானவர்களும் இதே குழியில் விழுந்திருக்கின்றனர். 1935 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30 ஆந் திகதி, அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலே, போயிங் நிறுவனத்தின் 299 ஆம் இலக்கப் புதிய விமானம் மேலெழுந்ததும் வீழ்ந்து எரிந்தது. அதனைச் செலுத்தியவர் தேர்ந்த விமானி. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றால் ஆடாதபடி சுக்கான்களைப் பூட்டும் பூட்டினைத் திறக்காமலே விமானம் கிளம்பியதுதான் காரணம். விமானிகளின் திறமையை ஐயுறுவதை விடுத்து, அதன்பின் அவர்கள் கையிலே ஒரு சிறு பட்டியல் கொடுக்கப்பட்டது. புறப்படுமுன் அதனை வாசித்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இன்று உலகெங்கும் விமானிகள் அவ்வாறே செய்கின்றனர்.

வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்களிலும் இப்பாடத்தைக் காணலாம். முற்காலத்து இயந்திரங்கள் பல, பணத்தை முதலிலும் அட்டையைப் பின்னரும் தந்தன. பணம் கைக்கு வந்ததும் நோக்கம் முடிந்தது. பலர் அட்டையை விட்டுவிட்டுச் சென்றனர். அதன்மேல் ஒழுங்கு மாற்றப்பட்டது. அட்டையை எடுத்தால்தான் பணம் வரும் என்றாயிற்று. மனிதர் திருந்தவில்லை, இயந்திரத்தின் ஒழுங்கே திருந்தியது.

நாமும் நம் காருக்கு இத்தகைய ஒழுங்கினைச் செய்துகொள்ளலாம். முதலாவது, கூரை மேசை அன்று என்ற விதியை வகுத்துக் கொள்ளுங்கள். “ஒரு கணத்துக்குத்தானே” என்ற விலக்கும் வேண்டாம். மறதி வருவது அந்த ஒரு கணத்திலேதான். கை நிறைந்திருந்தால் பொருளை நிலத்திலே, சாரதியின் கதவு திறக்கும் வழியிலே வையுங்கள். அதனைத் தாண்டாமற் காரில் ஏற இயலாது. அல்லது முன்கண்ணாடிக்கு நேரே, பொனற்றின்மேல் வையுங்கள். அமர்ந்ததும் கண்ணுக்கு எதிரே நிற்கும். இரண்டாவது, காரை அடையுமுன்னரே திறப்பைக் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். மூன்றாவது, யாரேனும் இடைமறித்துப் பேசினால், பேச்சு முடிந்ததும் காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூரையோடு ரயர்களையும், காரின் பின்னால் விளையாடும் குழந்தைகளையும் அது காட்டித்தரும். நான்காவது, வாயாற் சொல்லுங்கள். ஜப்பானிய நாட்டுப் புகையிரதச் சாரதிகள், சைகை விளக்கைக் கண்டதும் அதனை விரலாற் சுட்டி, அதன் நிலையை உரக்கக் கூறுவர். பார்ப்பவருக்கு அது சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால், கண்ணும் கையும் வாயும் சேர்ந்து செய்யும் செயலைப் பராக்கு எளிதில் விழுங்காது. பின்னாசனத்திலே குழந்தை இருந்தால், உங்கள் கைப்பையையோ ஒரு காலின் செருப்பையோ குழந்தையின் அருகே வையுங்கள். அதனை எடுக்காமல் நீங்கள் காரை விட்டு நடக்க இயலாது.

மறந்து புறப்பட்டுவிட்டீர்களாயின், திடீரென்று நிறுத்தாதீர்கள். பொருள் இன்னும் மேலே இருந்தால் அதுவே முன்னோக்கிச் சறுக்கி விழும். வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து ஓரத்தில் நிறுத்துங்கள். பொருள் விழுந்துவிட்டதாயின், வந்த வழியே திரும்பி, முதல் வளைவையும், வேகம் கூட்டிய முதல் நேர்த்தெருவையும் நன்றாகத் தேடுங்கள். பெரும்பாலும் அவ்விடங்களிலேதான் அது கிடக்கும்.

இனி, என் கதையின் முடிவு. நான் மதகடிக்குத் திரும்பியபோது, பாடசாலை விட்டு வீடு சென்ற மாணவர் பலர் துவிச்சக்கர வண்டிகளைச் சாய்த்துவிட்டு வயலிலும் பற்றைகளிலும் இறங்கிக் கடதாசி பொறுக்கிக்கொண்டிருந்தனர். அவர்களிடையே ஒரு சிறுவன் இருந்தான். கேத்திரகணிதப் பெட்டியை வீட்டில் மறந்து வந்தமைக்காக, அன்று காலையிலே வகுப்பு முழுவதும் கேட்க நான் கண்டித்த பையன் அவன். முட்பற்றைக்குள் நுழைந்து எடுத்த நான்கு சான்றிதழ்களை மண் தட்டி என் கையிலே தந்தான். அவன் ஒன்றும் கூறவில்லை. நானும் அன்று ஒன்றும் கூறவில்லை. மறுநாள் அவனை அழைத்து, கண்டித்தது பிழை என்று கூறினேன். அதன்பின் அவ்வகுப்பின் வாயிலிலே, வீடு செல்லுமுன் பார்ப்பதற்கென ஒரு சிறு பட்டியல் தொங்கியது. மறந்து வருவோரின் தொகை முற்றாக இல்லாமற் போகவில்லை, ஆனால் குறைந்தது.

முப்பத்திரண்டில் முப்பத்தொன்று கிடைத்தன. ஒன்று வாய்க்கால் நீரோடு போய்விட்டது. அது பேர்த்தியாரிடம் வளர்ந்த ஒரு மாணவியினுடையது. பல நாள்கள் அலுவலகங்களுக்கு அலைந்து, அவளுக்குப் புதிய பிரதி ஒன்றினைப் பெற்றுக் கொடுத்தேன். அடையாள அட்டையும் உரிய காலத்தில் வந்தது. அவள் பரீட்சையும் எழுதினாள். புதிய பிரதியை நான் கையளித்தபோது அம்மூதாட்டி அதனை இருகையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்பு மெல்லச் சொன்னார்: “இது போதும் ஐயா. மற்றது என்ரை மகன் தன்ரை கையாலை வாங்கியந்த கடதாசி.” அம்மகன் 2009 ஆம் ஆண்டிலே இறந்தவர்.

நேயர்களே, அந்தக் கடதாசியை என்னால் மீட்டுக் கொடுக்க இயலவில்லை. இன்றும் எந்தக் காரின் அருகே சென்றாலும், திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை அதனைச் சுற்றி வருகின்றேன். என்னோடு வருவோர் சிலர் இதனைக் கண்டு நகைப்பர். அவர்கள் நகைக்கட்டும்.